ஒரே அளவு இறகு

மார்ச் 4
குஞ்சு பொரிக்கும் கூடத்தில் ஏழாவது வாரம். கை முழுக்க மஞ்சள் தூசி. ஒரு நாள் வயதுக் குஞ்சின் இறக்கையை விரித்துப் பார்க்க வேண்டும். இறகு நீளமும் குட்டையுமாக இருந்தால் பெண். ஒரே அளவாக இருந்தால் ஆண். பெண் முட்டைப் பண்ணைக்குப் போகும். ஆண் பின்கதவு வழியாக அரைக்கும் இயந்திரத்துக்கு. முட்டையிடாததற்குத் தீனி எதற்கு என்கிறார்கள்.

மார்ச் 5
உயிருள்ளவை அசையும், மூச்சுவிடும், உண்ணும், வளரும். எட்டாம் வகுப்பில் நான் படித்த கடைசிப் பாடம். தேர்வு எழுதவில்லை, அதற்குள் நின்றுவிட்டேன். பின்கதவுக் கூடையைப் பார்த்தால் அது ஏன் ஞாபகத்துக்கு வர வேண்டும்?

மார்ச் 9
பக்கத்து மேசை அக்கா, “உனக்கு நாக்கு இருக்கா, இல்ல வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

மார்ச் 11
இன்று வந்த குஞ்சுகளில் பெண்ணே இல்லை. தட்டுக்கு நூறு, நூறும் ஒரே அளவு இறகு. அடுத்த தட்டும். பாதிக்குப் பாதியாவது வர வேண்டாமா? அக்காவிடம் காட்டினேன்.
“சேவலாப் பொறந்தா நீ என்னடி பண்ணுவ? வேலையப் பாரு.”
பார்த்தேன். என் மேசையிலிருந்து ஒன்பது தட்டு பின்கதவுக்குப் போனது. போய்ச் சொல்லு, போய்ச் சொல்லு — கால் நகரவே இல்ல. என்ன ஜென்மம் நான்?
பத்தாவது தட்டைச் சூப்பர்வைசர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.
“என்னம்மா?”
“இதுல பொட்டை இருக்கு சார்.”
“எங்க, காட்டு.”
“காட்ட முடியாது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. ஆனா இருக்கு.”
கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

மார்ச் 12
கால்நடை டாக்டர் வந்தார். வாலடியைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார். இருபதில் பதினொன்று பெண்!
முட்டை அனுப்பும் தாய்ப்பண்ணையில் ஜோடியை மாற்றிவிட்டார்களாம். டாக்டர்தான் விளக்கினார். “சீக்கிரம் இறகு விடுற சேவல், மெதுவா விடுற கோழி. இப்படிச் சேர்த்தாத்தான் குஞ்சுல வித்தியாசம் தெரியும். பொட்டைக்கு இந்தக் குணம் அப்பன்கிட்ட இருந்து மட்டும்தான் வரும். மெதுவா விடுற சேவலப் போட்டா எல்லாமே மெதுவாத்தான் விடும், இறகு ஒரே அளவா இருக்கும்.”
வீட்டில் சொன்னேன். “நீயும் அப்படியே உங்கப்பன்தான். வாயத் திறக்கறதுக்குள்ள விடிஞ்சிடும்” என்றாள் அம்மா. பாராட்டா, திட்டா?

மார்ச் 13
மிச்சம் எல்லாவற்றையும் வாலடி பார்த்தே பிரிக்க வேண்டும். எல்லாருக்கும் முதுகு ஒடிகிறது. “ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க” என்றாள் அக்கா.

மார்ச் 15
ஒன்பது தட்டு. பாதி என்றால் நானூற்றைம்பது. அதை யாரும் கேட்கவில்லை.

மார்ச் 20
புதுக் குஞ்சுகள், வேறொரு தாய்ப்பண்ணை முட்டையில் பொரித்தவை. சூப்பர்வைசர் முதல் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுக் காத்து நின்றார். மற்ற மேசைகளில் யாரும் கை வைக்கவில்லை. முப்பது இறக்கை விரித்துப் பார்த்தேன்.
“வித்தியாசம் தெரியுது சார். பிரிக்கலாம்.”
சத்தமாகத்தான் சொன்னேன். பின்கதவுப் பக்கம் இயந்திரம் ஓடத் தொடங்கியது.