கிழவி வாயை மூடவேண்டிய ஒரு மணி நேரம்

தாக்வாரெம்போ, மார்ச் 4

என் கிழவி ஸுல்மாவுக்கு,

எலாதியோ எழுதுகிறேன். ஆமாம், நானேதான். எழுத்துச் சொல்லித்தரும் டீச்சர் கையைப் பிடிக்கவில்லை. இந்த வரிக்கே ஒரு கெண்டி மாத்தே இலைத் தேநீர் குடித்தாகிவிட்டது.

போன் எதற்கு இருக்கிறது என்று கேட்பாய். போனில் நீ மட்டும்தான் பேசுவாய். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே வரமுடியாது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இதுதான் முதல் வாய்ப்பு.

தலைநகர் ஆஸ்பத்திரியில் உன் மார்புக் கட்டியைப் படம் எடுத்தார்களா? எல்லாம் எழுது. நானே படிப்பேன்!

பசு நலம். சேவல் உன் முகக்கண்ணாடியோடு சண்டை போடுகிறது. இதுவரை தோல்விதான்.

உன் எலாதியோ
(பார், கைநாட்டு இல்லை. கையெழுத்து!)

மொந்தெவிதேயோ, மார்ச் 12

என் கிழவனுக்கு,

உன்னால் மானம் போனது. கேள். சர்க்கரை மாதிரி ஒரு மருந்தை ஊசியில் ஏற்றுகிறார்கள். கட்டியில் அழற்சி எங்கே கனன்றுகொண்டிருக்கிறதோ, அங்கே அது போய்ச் சேர்ந்து படத்தில் ஒளிரும். ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசக்கூடாது, மெல்லக்கூடாது. உழைக்கிற தசையும் சர்க்கரையை இழுத்துக்கொண்டு ஒளிருமாம்.

நானும் வாயை மூடிப் படுத்திருந்தேன். பொழுது போகாமல் உன் கடிதத்தைப் பிரித்தேன். சேவல் சண்டை போடுகிற வரி வந்தது. சிரித்து, நர்ஸுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன்.

டாக்டர் பெத்ரோஸா படத்தைப் பார்த்துவிட்டு, "ஸுல்மாம்மா, தொண்டை ஏன் இப்படி எரியுது? யார்கிட்டப் பேசினீங்க?" என்றார்.

"என் புருஷன்கிட்ட."

"அவர் ஊர்லதானே இருக்கார்?"

"அதான் சத்தமாப் பேசவேண்டியிருந்துச்சு."

கட்டியும் நன்றாகவே எரிகிறது, கிழவா. மருந்து ஏற்றப்போகிறார்கள். ஜூனில் மறுபடி படம். எரிச்சல் அடங்கியிருந்தால் சின்ன வெட்டோடு போகும். இல்லையென்றால் மார்பையே எடுத்துவிடுவார்கள். அந்தச் சமயத்தில் கடிதம் எழுதித் தொலைக்காதே.

ஸுல்மா

தாக்வாரெம்போ, ஜூன் 15

ஸுல்மா,

எழுதாமல் இருக்க முடியவில்லை. படத்துக்கு முன்னால் பிரிக்காதே என்றால் உடனே பிரிப்பாய். அதனால் சிரிப்பே வராதபடி எழுதியிருக்கிறேன். டீச்சரிடம் காட்டினேன், கொட்டாவி விட்டாள்.

மழை பெய்தது. வேலி இருக்கிறது. பசு நிற்கிறது. நேற்றும் நின்றது. சேவலைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன்.

மாத்தே கசக்கிறது. எப்போதும் கசக்கும்தான். இது வேறு.

எலாதியோ

மொந்தெவிதேயோ, ஜூன் 22

கிழவா,

'சேவலைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன்' என்ற இடத்தில் நான் தொலைந்தேன். நர்ஸும் தொலைந்தாள்.

டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். மார்பு இருட்டாக இருந்தது. நான் தேடித் தேடிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு மின்மினி, அவ்வளவுதான்.

"அழற்சி அடங்கிடுச்சு. சின்னதா வெட்டினாப் போதும். மார்பு தப்பிச்சுது" என்றார். பிறகு தொண்டையைக் காட்டினார். கிறிஸ்துமஸ் மரம்போல எரிந்துகொண்டிருந்தது.

"இதுக்கு என்ன வைத்தியம், டாக்டர்?"

"இதுக்கு எங்ககிட்ட மருந்து கிடையாதும்மா. வீட்டுக்காரர்தான் தாங்கணும்."

வெட்டு ஆறியதும் வருகிறேன். கெண்டியைக் கழுவி வை. இனி குறுக்கே பேசுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

அது சரி, சேவலுக்கு என்ன ஆயிற்று?

உன் கிழவி
ஸுல்மா