எலுமிச்சம்பழ நாற்றம்

சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவியும் கையிலிருந்து நாற்றம் போகவில்லை. உன் அண்ணன் வந்திருந்தார். துறையூரிலிருந்து பஸ் ஏறி, கடைசி மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தவர், மரியாதைக்கென்று ஒரு எலுமிச்சம்பழத்தையும் என் கையில் வைத்தார். அந்த மனுஷர் கையால் எலுமிச்சம்பழம்!

நம் மகன் சுந்தரம் சுவரோடு பேசத் தொடங்கிய அந்த வருஷத்தை மறக்க முடியுமா? இருபத்தாறு வயது ஆண்பிள்ளை. நான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த நேரமாகப் பார்த்து உன் அண்ணன் ஒரு மந்திரவாதியையும் நாலு தடியன்களையும் கூட்டிவந்தார். நீ தண்ணீருக்குப் போயிருந்தாய். கொல்லையில் பிள்ளையை அமுக்கிப் பிடித்து மொட்டையடித்து, அந்தத் தலையில் எலுமிச்சம்பழத்தை அறுத்து அறுத்துத் தேய்த்திருக்கிறார்கள். பைத்தியம் தெளியுமாம். கத்தி கீறிய இடமெல்லாம் சாறு இறங்கி அவன் அலற, பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் வேலியோரம் நின்று சிரித்தார்களாம். தூ!

சங்கு ஊதி நான் வீடு வந்தபோது வாசலெல்லாம் பழம் உருண்டு கிடந்தது. நீ அவர்களை விரட்டிய துடைப்பத்தோடு நின்றாய். உன் அண்ணன் தெருவில் நின்று அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"நல்லதுக்குத்தான் செஞ்சேன் மாப்பிள்ளை. ஒரு கால்கட்டும் போட்டுட்டா சரியாயிடுவான். முசிறியில தகப்பன் இல்லாத பொண்ணு ஒண்ணு இருக்கு. கேக்க நாதியில்லை."

"முறைப்பொண்ணு உன் வீட்டிலேயே இருக்காளே அண்ணே, அவளைக் குடேன்" என்றாய். மனுஷர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அன்று என்னிடமும் சொன்னாய்: "இனிமே யாரும் அவனைக் கேட்டுட்டுத்தான் தொடணும். நாமளுந்தாங்க." எண்ணெய் தேய்க்க, சட்டை மாற்ற, எல்லாவற்றுக்கும் கேட்டாய். அவன் உனக்குத் தலையைக் குனிந்து கொடுக்கப் பல மாதம் ஆயிற்று.

இன்றைக்கு உன் அண்ணன், அவன் காதில் விழும்படியே சொல்கிறார்: "நீங்க மட்டும் வாங்க மாப்பிள்ளை. அவனை உள்ள வச்சுப் பூட்டிடுங்க. சம்பந்தி வீட்டுல ஒரு மாதிரி நினைப்பாங்க." சுந்தரம் எட்டிப் பார்த்தான். என் கையில் பழத்தைக் கண்டதும் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டான். இத்தனை வருஷம் கழித்தும்! பத்திரிகையையும் பழத்தையும் அவர் கையிலேயே திருப்பி வைத்து, "கிளம்புங்க" என்றேன். சுபகாரியத்தில் இப்படியா என்று முனகிக்கொண்டே போனார். இந்த ஜன்மத்துக்கு அவர் வீட்டு வாசற்படியை மிதிக்கமாட்டேன்.

அம்மா மண்டபம் படித்துறையில் உன் சாம்பலைக் காவிரியில் கரைத்துவிட்டு வந்ததிலிருந்து அவன் தலையில் எண்ணெய் இல்லை. முடி சடைபிடித்துவிட்டது. "தம்பி, தொடலாமா?" என்று தினமும் கேட்கிறேன். "வேண்டாம்" என்ற ஒரே பதில்தான். இன்று சாயங்காலமும் கேட்டேன். என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"நாறுதுப்பா. நாளைக்கு."

நாளைக்கு என்றான். உன் எண்ணெய்க் கிண்ணத்தைத் துலக்கி வைத்திருக்கிறேன். காலையிலும் கேட்டுவிட்டுத்தான் தொடுவேன்.