குங்குமத்துக்கு அடியில் எரிந்த விளக்கு

என் அன்பு அண்ணனுக்கு,

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. உங்களுக்கு அழுது ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று பலமுறை உட்கார்ந்தேன். ஆனால் நீங்கள் வாடகைக்கு ஓட்டிய ஹயர் காரை நான் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு அழுகையை விட எரிச்சல்தான் அதிகம் வருகிறது. முழுதும் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூசைக்குக் காரைக் கழுவினேன். டேஷ்போர்டில் நீங்கள் வருடா வருடம் அப்பிய சந்தனமும் குங்குமமும் அடைபோலக் காய்ந்து கிடந்தன. புதிதாக வைக்கலாமே என்று ஈரத்துணியால் துடைத்தால், அடியில் அந்தச் சிவப்பு விளக்கு. எஞ்சின் கொதித்தால் எரியவேண்டிய விளக்கு, சாவியைத் திருப்பிய உடனே எரிகிறது. கார் வாங்கிய புதிதில் நான் இதைக் கேட்டிருக்கிறேன். "அது சும்மா எரியுதுடா, எஞ்சின் நல்லாருக்கு" என்றீர்கள். ஏறுகிற ஆட்கள் பார்த்துப் பயப்படக்கூடாது என்று சாமி பெயரில் மூடியும் வைத்துவிட்டீர்கள். சாமிக்கு வேறு வேலை இல்லையா அண்ணே?

அண்ணிக்கும் என்மேல் கோபம். "ஒங்க அண்ணன் கடைசியா வச்ச பொட்டு தம்பி அது. அதையா தொடச்சீங்க?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அண்ணிக்கு இப்போது அடிக்கடி தலை சுற்றுகிறது. போன வாரம் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், பீலிக்கரையில், வாளியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால், "சும்மா பித்தந்தான் தம்பி" என்கிறார். நான் விடவில்லை. உடனே காரைக் காட்டினார். "அந்த செவப்பு லைட்டு அணையட்டும், அப்புறம் ஏறுறேன். இந்தத் தலசுத்தலோட நடு ரோட்டுல நிக்க என்னால ஆகாது." அது அணையாது என்ற தைரியம். உங்களோடு இத்தனை வருடம் குடித்தனம் செய்தவரல்லவா.

சரி, அணைத்துக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். ரேடியேட்டரில் தண்ணீர் நிறைய இருந்தது. ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருந்தது. சூட்டில் திறக்கவேண்டிய தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டேன், ஒழுங்காகத் திறந்தது. சூடேறினால் அந்த விளக்கை எரியவைக்கும், எஞ்சினில் திருகியிருக்கும் ஹீட் சுவிட்சின் வயரைப் பிடுங்கினேன், விளக்கு அணைந்தது. வயரும் நல்ல வயர்தான். மிச்சமிருந்தது அந்தச் சின்னப் பித்தளைச் சுவிட்ச் ஒன்றே. அதைக் கழற்றி, பேட்டரியோடும் பல்போடும் சேர்த்து, அண்ணியின் அடுப்படியில் பச்சைத் தண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கினேன். குளிர்ந்த தண்ணீரிலேயே பல்பு எரிந்தது.

அண்ணி எட்டிப் பார்த்தார். "அப்ப அவுக சொன்னது சரிதானே தம்பி. சும்மாதான் எரிஞ்சிருக்கு."

ஆமாம் அண்ணே, நீங்கள் சொன்னது சரி. அதுதான் எனக்கு ஆத்திரம். ஒரே ஒரு நாளாவது எல்ல ஊர் மலையேற்றத்தில் எஞ்சின் கொதித்து உங்களை நடுவழியில் நிறுத்தியிருக்கக் கூடாதா? நீங்கள் எங்களை விட்டுப் போன அந்தக் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "சும்மா வாயுடா, ஒரு பிளேன்டீ குடிச்சாப் போயிரும்" என்று அதே குரலில்தான் சொன்னீர்கள். கார் விஷயத்தில் ஒருநாளும் தப்பாத மனிதர் சொன்னால் நான் எப்படி நம்பாமல் இருப்பது? வாசலில் கார் நின்றது. பால் விடாத அந்தத் தேநீருக்கு நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.

சுவிட்ச் தேடிப் பதுளைக்குப் போனேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கார முஸ்லிம் பெரியவர், நாம் நானா என்று கூப்பிடுபவர், "புதுசு எங்க தம்பி வருது, கப்பல்ல வந்தாத்தானே" என்று சொல்லிக்கொண்டே மேசை லாச்சிகளை இழுத்து இழுத்துக் கிளறி, பழைய காரில் கழற்றிய ஒன்றை எடுத்தார். "இத ஒங்க அண்ணனுக்கும் காட்டினேன். வேணாம் நானா, பொட்டு வச்சிட்டேன்னு சிரிச்சிட்டுப் போயிட்டார்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதையும் சட்டியில் போட்டுப் பார்த்துத்தான் எஞ்சினில் பூட்டினேன். பச்சைத் தண்ணீரில் எரியவில்லை, கொதித்த பிறகே எரிந்தது. இப்போது காரில் விளக்கு அணைந்திருக்கிறது. அண்ணி குனிந்து அதைப் பார்த்தார். பிறகு குங்குமச் சிமிழை எடுத்து வந்தார்.

"லைட்டு மேல வேணாம் அண்ணி. பக்கத்துல வைங்க" என்றேன்.

பக்கத்தில்தான் வைத்தார். நாளைக் காலை ஆறு மணிக்கு ஏறுவதாகச் சொல்லியிருக்கிறார். ஏறாவிட்டால் தூக்கி உட்காரவைப்பேன். இனி இந்த வீட்டில் யார் "சும்மா" என்று சொன்னாலும் நான் அடுப்பங்கரைக்குப் போகமாட்டேன், காரை எடுப்பேன். இது உங்கள்மேல் சத்தியம்.

அன்று உங்களுக்குப் பிளேன்டீ போட்டுக்கொடுத்த,
உங்கள் தம்பி ராசு
தெமோதரை