இரண்டு விரல் பாடம்

மார்ச் 3, செவ்வாய்

தொட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு, தடித்த குரலில், "யோவ் அப்பா, டயப்பர் ரொம்பிடுச்சுய்யா" என்றேன். அத்தான் பால் புட்டியைக் கீழே போட்டுவிட்டார். ஏழு மாதப் பிள்ளை பேசினால் பெருமைப்பட வேண்டாமா? அக்கா தீர்ப்பே சொல்லிவிட்டாள்: "இனிமே என் பிள்ளை மேல கை வச்சே, தெரியும் சேதி!" தொட்டிலில் இருப்பதைத் தொட்டால் தொலைந்தேனாம். சொந்தச் சித்திக்கே தடை!

மார்ச் 5, வியாழன்

அக்காவிடமே மேல்முறையீடு செய்தேன். கைக்குழந்தை முதலுதவிப் பயிற்சியில் தேறி வந்தால் யோசிப்பாளாம். அம்மா குறுக்கே புகுந்தாள்: "இந்த வீட்டுல இவ செய்யப்போற முதல் உதவியே அதுதான்."

மார்ச் 7, சனி

ஆஸ்பத்திரி மாடி. பத்துப் பேர், பத்து ரப்பர் பிள்ளைகள். "மூச்சில்லாத கைக்குழந்தைக்கு நெஞ்சை அமுக்க எத்தனை விரல்?" என்றார் நர்ஸ். விடை தெரிந்த பெருமையில் இரண்டு விரலை உயர்த்தினேன்.

"வெளிய போய் இடது பக்கம். சீக்கிரம் வந்துடும்மா."

வகுப்பே சிரித்தது. என்ன செய்ய? போய்விட்டு வந்தேன்.

முப்பது அமுக்கு, இரண்டு ஊது. சரியாக அமுக்கினால் பொம்மை 'டிக்' என்னும். வீட்டில் என் பட்டப்பெயர் அமுக்குணி. ஒரு டிக்கும் வரவில்லை. ஊதினால் அதன் நெஞ்சு புடைத்தது. "பலூனா ஊதறே? கன்னத்துல இருக்கற காத்து போதும்." மெய்யும் இல்லை, உயிரும் இல்லை, அந்தப் பொம்மை என்னை முறைக்கிறது. தேறவில்லை.

மார்ச் 14, சனி

டிக், டிக், டிக். தொண்டை அடைத்தால் முதுகில் ஐந்து தட்டு, நெஞ்சில் ஐந்து அமுக்கு — அதுவும் கற்றாயிற்று. தேறிவிட்டேன்! அக்கா சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நீயே அச்சடிச்சியா?" தடை நீடிக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

எழுத்து கோணலாகப் போகிறது.

தொண்டையில் வாழைப்பழத் துண்டு. பிள்ளை இருமல, அழல — சத்தமே இல்லை. உதடு நீலம். அக்கா அவன் வாய்க்குள் விரலை விடப் போனாள்.

"விடாதேக்கா! இன்னும் உள்ள போயிடும்!"

"இதுலயும் விளையாட்டாடி?"

பிடுங்கிவிட்டேன். "ஆம்புலன்ஸ கூப்பிடு!" முன்கையில் குப்புற, தலை தாழ்வாக. உள்ளங்கை அடியால் முதுகில் ஐந்து தட்டு. ஒண்ணும் வரல. ஐயோ, வரல. மல்லாத்தி, நெஞ்சு நடுவில் இரண்டு விரல். ஒண்ணு. ரெண்டு. மூணு —

துண்டு தெறித்து விழுந்தது. அப்புறம் அழுதான் பாருங்கள், எதிர்வீட்டு ஜன்னலெல்லாம் திறந்தது. பேச்சு மூச்சில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

மார்ச் 18, புதன்

நேற்று ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் இன்று மறுபடி பார்த்தார். நெஞ்சு சுத்தம். டாக்டர் சட்டைதான் அசுத்தம் — நனைத்துவிட்டான்.

மார்ச் 22, ஞாயிறு

மதியம் அக்கா பிள்ளையை என் மடியில் வைத்தாள். சோபாவில் சாய்ந்தவள் வாயைப் பிளந்து தூங்கிப்போனாள். ஐந்து நாள் பாக்கித் தூக்கம். மீசை வரைய இதைவிட வசதியான முகம் இனி எனக்குக் கிடைக்காது. பேனாகூட எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது.

என்ன செய்ய, இரண்டு கையும் காலியாக இல்லை.