பழவேற்காட்டுக்கு நீ போன ஞாயிறு

இன்று காலை மீன் கடை முன் கால் மணி நேரம் நின்று, சாதக பாதகங்களை எல்லாம் அலசி, அரை கிலோ இறால் வாங்குவது என்று முடிவெடுத்தேன். வீட்டில் இதை முறைப்படி அறிவித்ததும் என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். இத்தனை ஆண்டுகளாக நான் இறாலைத் தொட்டதில்லை. உன் பதினாறாம் நாள் காரியம் நேற்றுதான் முடிந்தது. வறுபடும் வாசனையில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். அத்திப்பட்டில் ரயிலேறிப் போய், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் இருவரும் மூட்டை தூக்கினோம். அங்கே ஷிப்ட் ரிப்போர்ட் எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. ஷிப்டில் நடந்ததை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நடந்து முடிந்ததைச் சொல்லத் தெரிந்தால் போதும் என்று கண்டுபிடித்தவன் நீ.

"நாளைக்கு நடக்கப் போறத எவன்டா கேக்கப் போறான்? நேத்து இன்னா பண்ணேன்னு சொல்லு."

தினமும் ரயிலில் சொன்னோம். என் நேற்று, "ஐ ஏட், ஐ ஸ்லெப்ட்." சாப்பிட்டேன், தூங்கினேன். மீஞ்சூருக்கு முன்பே தீர்ந்துவிடும். உன்னுடையது கவரைப்பேட்டை தாண்டியும் ஓடும். எதிரே கூடையோடு வரும் மீன்காரம்மா ஒருநாள் கேட்டாள்: "இன்னா நைனா, தெனம் நேத்திக் கதயே பேசிக்கினு வர்றீங்க, இன்னிக்கு ஒண்ணுமே நடக்காதா?"

உன் ஆங்கிலத்தில் பிழைகள் இருந்தன, என்னுடையதில் இல்லை. நான் பொறாமைப்பட்டது உன் ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்து.

நேர்காணல் ஒரு திங்கட்கிழமை. அன்று ரயிலில் நீ சொன்னாய்: பழவேற்காட்டில் படகேறினாய், படகு கவிழ்ந்தது, இறால் கூடையோடு கரையில் நின்ற ஒருத்தி சிரித்தாள்.

என்னை முதலில் கூப்பிட்டார்கள். நேற்று என்ன செய்தாய் என்று மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார். பழவேற்காட்டுக்குப் போனேன் என்றேன். படகைக் கவிழ்த்தேன். அவளைச் சிரிக்க வைத்தேன். ஒரு பிழைகூட இல்லை. மேனேஜரும் சிரித்தார்.

அடுத்துப் போன நீ இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்தாய்.

"அந்தாளுக்கு இன்னா பேஜாரோ தெர்ல மச்சான். படகுன்னு ஆரம்பிச்சேன், மனப்பாடம் பண்ணிக்கினு வந்தியா, வெளிய போன்னுட்டான். வுடு, வா, டீ குடிக்கலாம்."

குடித்தோம். நான் சொல்லவில்லை. பழவேற்காட்டுக் கரையில் சிரித்த அந்தக் கூடைக்காரியையே நீ கல்யாணம் செய்துகொண்டாய். விருந்தில் இறாலை அவளே என் இலையில் வைத்தாள். வயிறு சரியில்லை என்றேன்.

முப்பத்தோரு ஆண்டுகள் நான் ஷிப்ட் ரிப்போர்ட் எழுதினேன். நீ மூட்டை தூக்கினாய்.