உன்னுடையது எனக்கு, என்னுடையது உனக்கு

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். இங்கே சுகம் என்று பொய் எழுத மனம் வரவில்லை.

போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் அதட்டுகிறேன், கடைசியில் "சரி வெச்சிடறேன்" என்று இரண்டு பேரும் வைத்துவிடுகிறோம். ஒன்றும் முடிவாவதில்லை. அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். என் கோழிக்கிறுக்கலைக் கிண்டல் செய்யாமல் படி.

அப்பாவுக்கு வலது பக்கம் இனி வராது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பேச்சும் வராது. அதைவிடப் பெரிய கஷ்டம், விழுங்க முடியவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூட நுரையீரல் பக்கம் போய்விடுகிறது. மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் மாதிரி எதையோ ஊற்றுகிறார்கள். அவர் அதை இடது கையால் பிடுங்கிப் போடுகிறார். இவர்கள் திரும்ப விடுகிறார்கள், அவர் திரும்பப் பிடுங்குகிறார். நேற்று நான் போனபோது அந்தக் கையைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டிவைத்திருந்தார்கள். குட்டி, நகக்கண்ணில் இன்னும் பெயின்ட் ஒட்டியிருக்கும் கை அது. நர்ஸைப் பிடித்துக் கத்திவிட்டேன். அவள் பாவம், "நான் என்னக்கா பண்றது, பிடுங்கிப் பிடுங்கி மூக்கெல்லாம் புண்ணாயிடுச்சு" என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான்.

மல்லாந்து படுத்தபடி சீலிங்கையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஈரம் இறங்கிப் பெயின்ட் செதில் செதிலாகப் பெயர்ந்து தொங்கும் சீலிங். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தில் வேலை செய்யும் பாதி சுளிக்கிறது. வலி என்று நினைத்து ஊசி போட வந்தார்கள். வலியில்லை, இதை அடித்தவன் மேல் வந்த கோபம் என்று நான் சொன்னேன். வாழ்நாள் முழுக்கச் சுவரும் சீலிங்கும் அடித்த மனிதருக்கு இப்படி ஒன்றைத் தலைக்கு மேல் கொடுத்திருக்கக் கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். டாக்டரம்மா என்னை உட்காரவைத்துப் பேசினார். வயிற்றில் துளை போட்டு நிரந்தரமாகக் குழாய் வைக்கலாம். வைத்தால் மாதக்கணக்கில் இருப்பார், வருஷம்கூட ஓடலாம், ஆனால் இதே படுக்கைதான். வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் உதட்டை நனைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அப்படியென்றால் சில நாள்தான். "ரெண்டுமே தப்பில்லம்மா, நீங்கதான் சொல்லணும்" என்றார். அப்பாவிடமே கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். வேண்டாம் என்றா, தூக்கமா, என்னை ஏன் கேட்கிறாய் என்றா, எனக்குப் புரியவில்லை.

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றி "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்கிறவள் நான். பதில் சொல்லத் தெரியாமல் முழிக்கிறவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துமிருக்கிறேன். இப்போது முழிப்பது நான். எந்தப் பக்கம் பார்த்தாலும் மங்கலாகத்தான் இருக்கிறது.

அதனால், குட்டி, மாற்றிக்கொள்வோம்.

உனக்கு நினைவிருக்கும். உனக்குக் கணக்கு என்றால் அழுகை வரும், எனக்கு எதிர்வீட்டு நாய் என்றால் உயிரே போகும். உன் கணக்கை நான் போட்டேன், என்னை நீ கையைப் பிடித்து நாயைத் தாண்டிக் கூட்டிப்போனாய். பெரியவர்களான பிறகும் அதைத்தானே செய்தோம்? எனக்கு வந்த வரன்களில் யாரைக் கட்டிக்கொள்வது என்று நீதான் முடிவு செய்தாய். உன் மாமா குறட்டை விடும்போதெல்லாம் உன்னைத்தான் திட்டுகிறேன். நீ வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா என்று குழம்பியபோது போ என்று சொன்னது நான். அதற்காக அப்பா என்னோடு பல நாள் பேசவில்லை. அவரவர் பிரச்சினை அவரவருக்கு மலை, அடுத்தவருடையது அப்படித் தெரிவதில்லை. இதைவிட நல்ல வழி எனக்கு இன்றுவரை தெரியாது.

உன்னுடையதை நான் எடுத்துக்கொண்டேன். பதில் இதோ: நீ வராதே. எத்தனை முறை கலைந்து, இந்த ஒன்று தங்கியிருக்கிறது. உன் டாக்டர் காலைத் தரையில் வைக்காதே என்று சொல்லியிருக்கும்போது விமானம் ஏறுவதாவது! அப்பாவைப் பார்க்கவில்லையே என்று நாளைக்கு யாராவது கேட்டால், ஏன், நீயே உன்னைக் கேட்டுக்கொண்டாலும், அக்கா வரக்கூடாதென்று சொல்லிவிட்டாள் என்று சொல். அது இனி என் பாரம்.

என்னுடையதை நீ எடுத்துக்கொள். குழாய் வேண்டுமா, வேண்டாமா? நீ சொல்வதை அப்படியே செய்வேன். என் வாயால் மட்டும் சொல்லவைக்காதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

நேரத்துக்குச் சாப்பிடு. இடது பக்கமாகவே படு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா

•

அக்கா,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். என் எழுத்தும் இன்று உன்னுடையதைப் போலத்தான் இருக்கிறது.

உடனே பதில் போடவில்லை என்று கோபப்படாதே. அழுதுகொண்டே சொன்ன பதிலாக இருக்கக் கூடாது என்று, அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன். வாளியும் கையுமாக வீடு திரும்பி, சட்டையைக்கூட மாற்றாமல் "யார் வீட்டுச் சுவரையாவது இன்னிக்குத் தொட்டுப் பாத்தீங்களா, விரல்ல மாவு ஒட்டுச்சா" என்று நம்மை நிற்கவைத்துக் கேட்பவர். யார் தயவிலும் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர். அந்தக் கை எத்தனை தடவை பிடுங்கியிருக்கிறது! இதைவிட எப்படிச் சொல்வார்?

குழாய் வேண்டாம். முதலில் கையை அவிழ்க்கச் சொல். பிறகு வீட்டுக்குக் கொண்டுபோ. அவருடைய அறையில் வேண்டாம், நம் அறையில் படுக்கவை. அந்த சீலிங்கைப் பார்க்கட்டும்.

இதைச் சொன்னது நான். டாக்டரிடமும் என் பேரில் சொல். சரியா தப்பா என்று திரும்பக் கேட்காதே, அதுதானே நம் ஒப்பந்தம். நீ வராதே என்றாய், நான் வரவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

அவர் காதில் மட்டும் ஒன்று சொல்லிவிடு. குட்டி வரவில்லை என்று சொல்லாதே. குட்டியால் வர முடியவில்லை என்று சொல்.

உன் தங்கை

•

அன்புள்ள குட்டிக்கு,

போனில் ஒரு வரிதான் சொல்ல முடிந்தது. உன் வீட்டுக்காரர் சட்டென்று போனை வாங்கிக்கொண்டது நல்லதாகப் போயிற்று. மீதியை இப்போது எழுதுகிறேன். தலையணையை நன்றாக உயர்த்தி வைத்துக்கொண்டு படி.

உன் பதில் வந்ததும் டாக்டரம்மாவிடம் போய், என் தங்கை முடிவு செய்துவிட்டாள் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, மூக்குக் குழாயை எடுக்கச் சொன்னார். கையை நானே அவிழ்த்தேன். அவிழ்த்ததும் அப்பா என்ன செய்தார் தெரியுமா? முதலில் மூக்கைச் சொறிந்துகொண்டார். அப்புறம் கட்டிலை ஒட்டிய சுவரில் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தார். விரலில் வெள்ளையாக மாவு ஒட்டியது. அந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார். நான் சிரித்துவிட்டேன். அவரும் பாதி முகத்தால் சிரித்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து நம் அறையில், என் கட்டிலில் படுக்கவைத்தோம். சீலிங் அப்படியேதான் இருக்கிறது. நீ பச்சை கேட்டாய், நான் நீலம் கேட்டேன். மாற்றிக்கொள்ளவும் மாட்டோம், விட்டுக்கொடுக்கவும் மாட்டோம் என்று அன்றைக்கு உருண்டு புரண்டோம். அவர் வேலை செய்த வீடுகளில் மிஞ்சிய இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கி அடித்துவிட்டு, "இப்ப ரெண்டு பேரும் அழுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாமும் நன்றாக அழுதோம். பச்சையுமில்லாத, நீலமுமில்லாத அந்தக் கலரைப் பார்த்தபடி படுத்திருந்தார். முகம் ஒரு முறைகூடச் சுளிக்கவில்லை.

நீ சொல்லச் சொன்னதைக் காதில் சொன்னேன். குட்டியால் வர முடியவில்லை, வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்றேன். கண்ணைத் திறந்து உன் கட்டிலைப் பார்த்தார். அங்கே என் புடவையும் துண்டும் கிடந்தன. அவற்றை எடுத்துவிட்டு நான் அதில் படுத்துக்கொண்டேன். இடையில் கையை நீட்டினால் தொடும் தூரம்தானே. அப்படியே சில நாள் இருந்தோம். ஒரு மத்தியானம், பஞ்சை நனைத்துக்கொண்டு திரும்பினேன், மூச்சு இல்லை. அவ்வளவுதான் குட்டி. கஷ்டப்படவில்லை.

இப்போது நம் ஒப்பந்தத்தை மீறி ஒன்று சொல்லப்போகிறேன். உன் முடிவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் குழாயை வை என்றுதான் நீ எழுதுவாய் என்று எதிர்பார்த்திருந்தேன். உன்னிடம் தள்ளிவிட்டால் எனக்கு வலிக்காது என்றும் நினைத்தேன். வலிக்கிறது. முடிவு உன்னுடையது, ஆனால் காய்ந்த உதட்டில் பஞ்சை வைத்து, அதற்கு மேல் ஒரு சொட்டும் கொடுக்காமல் இருந்தது என் கை. வராதே என்று நான் சொன்னதால் உன் மனம் ஆறியிருக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அன்று போனில் நீ அழுத அழுகை அப்படியில்லை.

கணக்கையும் நாயையும் மாற்றிக்கொள்ளலாம். இதை முடியாது போலிருக்கிறது. ஆகவே, இனி உன்னுடையது எனக்கு, என்னுடையது உனக்கு என்ற பேச்சு வேண்டாம். நீ வராததும் நம் இருவருடையது, அவரை அனுப்பிவைத்ததும் நம் இருவருடையது. ஒரே வாளியில் ஊற்றிவிடுவோம். அதற்கப்புறம் இரண்டு பேரும் அழலாம், அப்பா சொன்ன மாதிரி.

அந்த அறைக்கு வெள்ளை அடித்துவிடலாம் என்கிறார் உன் மாமா. கூடாது என்று சொல்லிவிட்டேன். உன் கட்டிலுக்கு உறை மாற்றி வைத்திருக்கிறேன். நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து வா. பிள்ளையை அதில் மல்லாக்கப் போடு. அது மேலே பார்க்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்
அக்கா