நடுவில் கோப்பையுடன் அமர்ந்திருப்பவர்

அன்புள்ள தம்பிக்கு,

விழாவுக்கு நீ வருவாயா, மாட்டாயா? அப்பா தினமும் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வது எனக்கு எவ்வளவு கசப்பான காரியம் என்பதை நீ அறிவாய். போனில் கேட்டால் "வேலை இருக்குக்கா, பாக்கலாம்" என்கிறாய். மறுபடி கேட்டால் உன் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை என்பதால் எழுதுகிறேன்.

அப்பாவின் உடம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பிசியோதெரபிக்கு ஒரு பெண் வீட்டுக்கே வருகிறாள். அவள் காலை மடக்கச் சொன்னால் இவர் கதையை நீட்டுகிறார். வாழ்க்கை முழுவதும் லிஃப்ட் பழுதுபார்த்தவர், இப்போது எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். "அந்த மோட்டார் சத்தமே சரியில்ல, எவன் மாட்டினானோ" என்று முனகிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்குகிறார். எதற்காக? உனக்கு வந்த அழைப்பிதழின் நகலைக் கீழ்வீட்டுக்காரருக்குக் காட்டுவதற்காக. மேல்வீடு, பக்கத்து வீடு, முடிதிருத்தும் கடை எல்லாம் முடிந்துவிட்டன. "என் பையன் கேப்டனா இருந்தப்பதான் கப்பு வந்துச்சு. மேடையில கூப்பிட்டு மரியாதை பண்றாங்க." இதைக் கேட்காத காது இந்தத் தெருவில் இல்லை.

இனி அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழக ஆண்கள் கால்பந்து அணிக்குப் பொன்விழா. வரலாற்று மலர் ஒன்று போட வேண்டும் என்றார்கள். பதிப்புப் பிரிவில் மண்ணியல் அகராதியைத் திருத்திக்கொண்டு நிம்மதியாக இருந்த என் தலையில் கட்டினார்கள். எனக்குக் கால்பந்து தெரியாது என்றேன். "அதனாலதாம்மா உங்ககிட்ட குடுக்கறோம், பக்கச்சார்பு இருக்காது" என்றார் எங்கள் இயக்குநர். பெண்கள் அணிக்கு எத்தனை பக்கம் என்று கேட்டேன். அரைப் பக்கம் என்றார். அந்த அணியும் இருமுறை கோப்பை வென்றிருக்கிறது. என் எரிச்சல் அன்று தொடங்கியது, இன்னும் அடங்கவில்லை.

பழைய ஆட்டக்காரர்களைப் பேட்டி காண்பது என்ன வேலை என்று உனக்குத் தெரியாது. நீங்கள் வென்ற அந்த இறுதி ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம். இது பத்திரிகைச் செய்தி. நான் பேசியவர்களில் நான்கு பேர் அந்த ஒரே கோலை அடித்திருக்கிறார்கள். ஒருவர் தலையால், ஒருவர் இடது காலால், ஒருவர் பாதி மைதானத்திலிருந்து. நான்காமவர் கோல்கீப்பர். நான் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டேன். "மேடம் ரொம்ப அமைதியானவங்க" என்று அவர் பாராட்டினார்.

ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த அணி வெறுங்கையிலிருந்து வந்தது. முதலில் மைதானமே இல்லை. நூலகத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில், ஆசிரியர்கள் வீட்டுக்குப் போனபின் ஆடியிருக்கிறார்கள். கோல் கம்பங்களுக்குப் பதில் தண்ணீர்க் குழாய்கள். முதல் சில ஆண்டுகள் தோல்வியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கிடைத்த மைதானத்திலும் பாதியை வேதியியல் கட்டடம் விழுங்கிவிட்டது. அப்புறம் உங்கள் பயிற்சியாளர் வந்தார். பயிற்சியில் பழகிய காலால் உதைக்கவே விடமாட்டாராமே? வலதுகாலனெல்லாம் இடது காலால், இடதுகாலனெல்லாம் வலது காலால். ஏழு முறை பல்கலைக்கழகங்களுக்கிடையிலான கோப்பை. தேசிய அணிக்கு மூன்று பேர். சந்தேகத்தோடு சரிபார்க்க உட்கார்ந்த நானே, எழுதி முடித்தபோது கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன்.

தவறு படங்களில் நடந்தது. கோப்பை வென்ற ஆண்டுகளின் குழுப் படங்கள் எல்லாவற்றிலும் நடு நாற்காலியில் ஒருவன் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பெயர்கள் வரிசையாக அச்சாகியிருக்கின்றன, பொறுப்புகள் இல்லை. நடுவில் உட்கார்ந்து கோப்பையைப் பிடித்திருப்பவன் கேப்டன் இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? நம் வீட்டு ஹாலில் கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் உன் படம் அப்படித்தானே மாட்டியிருக்கிறது? அதைப் பார்த்துப் பார்த்தே எனக்கு அது சந்தேகப்படாத விஷயமாகிவிட்டது. எதையும் இரண்டு சான்று இல்லாமல் அச்சுக்கு விடாதவள், இதை மட்டும் விட்டேன். ஏழு படங்களுக்கும் கேப்டன் என்று குறிப்பு எழுதினேன். அந்த ஏழு பேருக்கும் அழைப்பிதழ் போனது. உனக்கும்.

உங்கள் அணியில் முன்வரிசையில் ஆடியவர் ஒருவர் இப்போது பல் மருத்துவர். அச்சுப்படியைச் சரிபார்க்க அவரிடம் கொண்டுபோனேன். யாரோ ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருக்க, இவர் உன் படத்தைப் பார்த்துவிட்டு முகக்கவசம் உப்ப உப்பச் சிரித்தார். "யார் மேடம் இவனை கேப்டன்னு சொன்னது? நான்தான் கேப்டன்! இவன் தூணு!" என்றார். நான் யாருக்கு அக்கா என்பதை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. இனி எப்படிச் சொல்வது? "தூணுன்னா?" என்று மட்டும் கேட்டேன். "மேட்ச் முழுக்க கோட்டுக்கு வெளியில நின்னுட்டே இருப்பான். பெஞ்சுல உக்கார மாட்டான். ஒரு மேட்ச்லயும் இறங்கல, பாவம். ஆனா ப்ராக்டிஸ்ல இவனைத் தாண்டிட்டா போதும் மேடம், மேட்ச்ல எவன் வந்தாலும் எனக்குச் சுண்டைக்காய்."

அப்போதுதான் அந்த வழக்கத்தைச் சொன்னார். வென்ற ஆண்டின் படத்தில், அந்த ஆண்டு முழுவதும் ஒரு நிமிடம்கூடக் களமிறங்காதவன் நடுவில் உட்கார்ந்து கோப்பையைப் பிடிக்க வேண்டும். பயிற்சியாளர் தொடங்கிவைத்ததாம். "ஆடினவனுக்கு ஆட்டம் கிடைச்சுது. ஆடாதவனுக்குக் கையாவது நிறையட்டும்" என்பாராம். வெளியில் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லாததற்கு என்ன காரணம் என்று கேட்டேன். "சொன்னா அது ஆறுதல் பரிசாயிடும் மேடம்" என்றார் பல் மருத்துவர். நாற்காலியில் இருந்தவர் அந்தத் திறந்த வாயோடே தலையாட்டினார்.

பேருந்தில் திரும்பும்போது எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. கோபம் தணிந்தபின் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அம்மா இறந்தபோது வந்தாயே, வந்தவன் ஹாலில் அந்தப் படத்தைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாய். துக்க வீட்டில் எதற்கு இந்த வேலை என்று உன்னைக் கடிந்தேன். அப்பா எடுத்து மறுபடி மாட்டினார். மூன்றாம் நாள் நீ விமானம் ஏறிவிட்டாய். அதற்குப் பின் வரவில்லை. நீ அணியில் இருந்தபோது ஆட்டங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில். அப்பாவுக்கு லிஃப்ட் வேலையும் அன்றுதான் அதிகம். அவர் உன் ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. படத்தை மட்டும் பார்த்தார். நீ பொய் சொல்லவில்லை. அவர் சொல்லிக்கொண்டே போனார், நீ மறுக்கவில்லை. பிறகு மறுக்கிற வயது தாண்டிவிட்டது. அப்படித்தானே?

இப்போது என் அழைப்பிதழ் உன்னை மேடைக்குக் கூப்பிடுகிறது. கீழே உன் அணி முழுவதும் உட்கார்ந்திருக்கும், முன்வரிசையில் அப்பா இருப்பார். உனக்கு ஏன் இவ்வளவு வேலை என்று எனக்கு இப்போது புரிகிறது.

விழாப் பொறுப்பிலிருக்கும் துணைப் பதிவாளரிடம் போய், அந்த ஏழு பேரும் கேப்டன்கள் இல்லை என்று சொன்னேன். ஏழு பேருக்கும் வருத்தம் தெரிவித்து அழைப்பை ரத்து செய்துவிடுங்கள் என்றார். குறிப்பை மட்டும் திருத்தினால் போதாதா என்றேன். "மேடைக்குக் கேப்டன்தாம்மா வரணும். ஆடாதவனுக்கு எதுக்குச் சால்வை?" என்றார். நான் அதிகம் பேசாதவள் என்பதால் என்னை எல்லோரும் சம்மதித்தவள் கணக்கில் வைக்கிறார்கள். "அந்தக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கேப்டன்களையும் அழைப்போம், இவர்களும் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் இன்னும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஆனால் புத்தகம் என் கையில் இருக்கிறது. அந்த வழக்கத்தை எழுதப் போகிறேன். சொன்னால் ஆறுதல் பரிசாகிவிடும் என்கிறார் உன் கேப்டன். சொல்லாததால் என்ன ஆனது என்று நம் வீட்டைப் பார்த்தால் அவருக்குத் தெரியும். உன் படத்துக்குக் கீழே, நடுவில் கோப்பையுடன் அமர்ந்திருப்பவர் அந்த ஆண்டு களமிறங்காதவர் என்று இருக்கும். அது அச்சாகும் முன் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். முடிதிருத்தும் கடையில் யாரோ படித்துக்காட்டி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. நாளைக் காலை சொல்லப் போகிறேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், அகராதித் தாள்களைத் திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

நீ வா. மேடைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, வீட்டுக்கு வா. கோப்பையை உன் மடியில் வைத்தவர்கள் உன்னைக் கேலி செய்ய வைக்கவில்லை. அது உனக்கு இவ்வளவு காலமும் தெரியாமலா போயிற்று? உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. எங்கே நின்றாலும் நன்றாக இரு.

உன் மீது கோபமும் அக்கறையும் குறையாத,
அக்கா.

மறுநாள் சேர்த்தது:

கடிதத்தைத் தபாலில் போடும் முன் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சியில் இருந்தபோது சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அவர் காலை மடக்காமல் அப்படியே வைத்திருந்தார். படத்தை எடுத்து வரச் சொன்னார். துடைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். "ஒரு தடவைகூடவா இறக்கல?" என்றார். "இல்லப்பா" என்றேன். "நாலு வருஷமும் விடியறதுக்கு முன்னாடி எழுந்து போனானே!" என்றார். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். வாங்கவில்லை. "அந்த கோச் உசிரோடதான இருக்கான்? நம்பர் போடு" என்றார்.

வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. பயிற்சியாளருக்கும் இப்போது காது மந்தம். ஸ்பீக்கரில் இரண்டு பேரும் கத்தியது கீழ்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். "என் பையன் என்ன சார் பண்ணினான் உங்களுக்கு? தண்ணி பாட்டில் தூக்கவா அனுப்பிவச்சேன்?" என்று அப்பா ஆரம்பித்தார். பயிற்சியாளர், பேசுவது யார் என்று கேட்டுத் தெளிந்தபின், "தூணோட அப்பாவா!" என்றார். இறுதி ஆட்டத்தில் களமிறக்க நினைத்து உன்னைக் கோட்டோரம் ஓடவிட்டாராம். நீ சட்டையைக்கூட மாற்றிவிட்டாயாம். அதற்குள் உங்கள் அணி கோல் அடித்துவிட்டது. "ஜெயிக்கிற டீமைக் கலைக்கப் பயந்துட்டேன் சார். அது என் பயம்தான், அவன் குறையில்ல" என்றார்.

"நீங்க பயந்ததுக்கு என் பையன் எதுக்கு சார் வெளியில நிக்கணும்?" என்றார் அப்பா.

பயிற்சியாளர், விழாவன்று பழைய மாணவர்கள் ஆட்டம் ஒன்று இருக்கிறது, அணியைத் தேர்ந்தெடுப்பது தான்தான் என்றார். முதல் பதினொருவரில் உன்னைப் போடுவதாகச் சொன்னார். "முழு ஆட்டம். நடுவுல வெளியில எடுக்கக் கூடாது" என்றார் அப்பா. "அவனுக்கு இப்ப மூச்சு வாங்கும் சார்" என்றார் அவர். "வாங்கட்டும்" என்றார் அப்பா.

போனை வைத்ததும் படத்தை அதே ஆணியில் மாட்டச் சொன்னார். பிசியோதெரபிப் பெண் வந்ததும் அவளைப் படத்துக்கு முன் நிறுத்தி, "இவன்தான் என் பையன். அப்ப இறக்கல. இப்ப இறக்கறாங்க" என்றார். பிறகு அவளிடம், மைதானப் படிக்கட்டில் ஏறுவதற்கு முழங்காலைத் தயார் செய்ய முடியுமா என்று விசாரித்தார்.

சற்றுமுன் உன் பூட்ஸ் அளவு என்ன என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். எழுதிக் கேள் என்றார். கேட்டுவிட்டேன்.